சாவியக்காவின் இடுப்புவலி

திருச்சபை நிர்வாகக் கட்டடத்தில் மொத்தம் முப்பத்தெட்டுக் கதவுகள். அத்தனையையும் காலை எட்டரைக்குள் திறந்து, மாலை ஐந்தரைக்கு மேல் பூட்டி, இடையில் கிடைக்கிற நேரத்தில் பெருக்கித் துடைத்து, மேசைக்கு மேசை கோப்பு கொண்டுபோய்க் கொடுக்கிறவளை எல்லோரும் சாவியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பேராயர் அவளைவிடப் பத்து வயது பெரியவர். அவருக்கும் அவள் அக்காதான். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் வராந்தாவில் கேட்டால் எழுத்தர்கள் மதியத் தூக்கத்திலிருந்து விழித்துக்கொண்டு பேனாவைத் தேடுவார்கள். அந்த வகையில் அலுவலகத்துக்கு ஒரு கடிகாரம் மிச்சம்.

அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. பத்தொன்பது வருடமும் தற்காலிகம். ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதத்தில் 'மேலும் ஓராண்டுக்கு' என்று ஒரு தாள் வரும். அது வரும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. போன வருடம் அந்தத் தாள் பதினோரு நாள் தாமதமாக வந்தது. அந்தப் பதினோரு நாளும் கணக்குப்படி அவள் அலுவலகத்தில் இல்லாதவள். இல்லாதவள்தான் தினமும் எட்டரைக்குக் கதவைத் திறந்தாள். பத்தொன்பது வருடம் ஒருவரைத் தற்காலிகமாகவே வைத்திருப்பது லேசான காரியமில்லை. அதற்கென்று ஒரு கமிட்டி வேண்டும், அந்தக் கமிட்டிக்கு ஞாபகமறதியும் வேண்டும்.

கட்டடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் வம்பே அதில்தான். செங்கல்லும் சுண்ணாம்புமாய் எழுந்த இரண்டு மாடி. முன்பக்கம் வளைவு வளைவாக நீண்ட வராந்தா, மேலே ஓட்டுக்கூரை, நடுவில் சின்ன மணிக்கூண்டு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், அவ்வளவு அழகு. தெருவுக்கு எதிர்ப்பக்கம் திருச்சபையின் பள்ளிக்கூடம். அதுவும் அதே வருடம் கட்டியது, அதே வளைவு, அதே ஓடு, அதே மணிக்கூண்டு. இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திவைத்தது போலிருக்கும். முதல் பேராயர் தூரத்து நகரத்தில் இருந்த ஒரு கட்டடக் கலைஞரிடம் இரண்டுக்கும் சேர்த்து வரைபடம் வாங்கினார். படங்கள் ஒரே தகரக் குழாயில் சுருட்டி வந்து சேர்ந்தன. அவற்றை எழுத்துப் படிக்கத் தெரியாத மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு அவர் சபைகளைப் பார்க்க எட்டு மாதப் பயணம் போனார். திரும்பி வந்தபோது இரண்டு பக்கமும் சுவர் ஜன்னல் உயரத்தைத் தாண்டியிருந்தது. இவ்வளவுதான் பதிவேட்டில் இருக்கிற வரலாறு.

வெளியே அழகாக இருந்த கட்டடம் உள்ளே கொஞ்சம் விசித்திரம். கதவுக் கைப்பிடிகளும் பூட்டுகளும் முழங்காலுக்குச் சற்று மேலேயே இருந்தன. ஒவ்வோர் அறைக்கும் வராந்தாப் பக்கம் இரண்டு கதவு. ஒவ்வோர் அறையின் கோடியிலும் ஒரு முழ உயரத்தில் மேடை, அதன் பின்சுவரில் அகலமாகக் கறுப்புப் பூச்சு. வராந்தா நெடுக இடுப்பளவு உயரத்தில் இரும்புக் கொக்கிகள். பின்பக்கம் வரிசையாகப் பதினான்கு குழாய்கள், அத்தனையும் முழங்கால் உயரத்தில். மாடிப்படியின் ஓரத்தில் இரண்டு கைப்பிடி, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. எழுத்தர்கள் குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்துதான் டிபன் பாக்ஸ் கழுவினார்கள். தொந்தி உள்ளவர்கள் கழுவாமலே வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் விளக்கம் வைத்திருந்தவர் செயலர். நல்ல மனிதர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர். எதைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது என்று நினைப்பது மட்டும் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. கட்டடத்தின் நூற்றாண்டுக்காக அவர் நாற்பது பக்கத்தில் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். கைப்பிடி தாழ இருப்பது உள்ளே வருகிறவர் பணிந்து வருவதற்காக. இரண்டு கதவு ஏனென்றால், மனந்திரும்பியவன் வந்த வழியே திரும்பிப் போகக்கூடாது. கொக்கிகள் பாரங்களை இறக்கிவைக்க. தாழ்ந்த குழாய்கள் ஒருவர் காலை ஒருவர் கழுவும் தாழ்மையை நினைவூட்ட. கறுப்புச் சுவர் உலகத்து மாயையின் இருள். மாடிப்படியின் இரண்டு கைப்பிடிகளுக்கு அவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். மேலே உள்ளது பழைய ஏற்பாடு, கீழே உள்ளது புதிய ஏற்பாடு.

கண்ணெதிரே இருக்கிற ஒன்றை மறைக்கத் திரை தேவையில்லை, நல்ல விளக்கம் ஒன்று எழுதிவிட்டால் போதும்.

விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது செயலர் சாவியக்காவைக் கூப்பிட்டார். அவர் மேசை மேடைமேல் இருந்தது, முதுகுக்குப் பின்னால் மாயையின் இருள். எதிரே போய் நின்றால் எந்தப் பெரிய மனிதருக்கும் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்துவிட்ட கலக்கம் வரும்.

"விழா அன்னைக்குப் பேராயருக்கும் கமிட்டிக்கும் கட்டடத்தைச் சுத்திக் காட்டணும். எனக்குப் படியேறினா மூச்சு வாங்குது. மூலை முடுக்கெல்லாம் தெரிஞ்சவங்க நீங்கதான். புத்தகத்தை மனப்பாடம் பண்ணி அப்படியே சொல்லுங்க. அன்னைக்கு மத்தியானமே கமிட்டி கூடுது. உங்களை நிரந்தரம் ஆக்குற பேப்பரை நானே வைக்கிறேன்."

சாவியக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்று மாலை பூட்டுகிற வேலையைப் பாட்டுப் பாடிக்கொண்டே செய்தாள். அடுத்த மூன்று வாரமும் ஒரு கையில் துடைப்பம், மறு கையில் புத்தகம். ஒரு பக்கம் பெருக்கினால் ஒரு பக்கம் மனப்பாடம்.

ஒரே ஓர் இடைஞ்சல் அவளுடைய இடுப்பு. முப்பத்தெட்டுக் கதவுக்குக் காலையில் ஒரு குனிவு, மாலையில் ஒரு குனிவு. ஒரு நாளைக்கு எழுபத்தாறு. புத்தகக் கணக்குப்படி பார்த்தால் அந்த ஊரிலேயே அவளைவிடப் பணிவானவர் யாரும் இருக்கமுடியாது.

அவள் கணவர் தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. மாடியில் அவருடைய தங்கை, அதாவது சாவியக்காவின் நாத்தனார், குடும்பத்தோடு குடியிருந்தாள். அவள் எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆயா, அவளுக்கு வேலை நிரந்தரம். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்பது உலக வழக்கு. இங்கே மட்டும் அந்த வழக்கு தோற்றுப்போனது, இரண்டு பேரையும் உடம்புவலி ஒன்றுசேர்த்துவிட்டது. மாலையானால் இருவரும் தைக்கும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே புட்டியிலிருந்து தைலம் எடுத்துத் தேய்த்துக்கொள்வார்கள். ஒருத்திக்கு இடுப்பு, ஒருத்திக்குத் தோள்பட்டை.

விழாவுக்கு ஒரு வாரம் இருந்தபோது நாத்தனார் வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"என் கை போச்சு அண்ணி. ஒண்ணாம் வகுப்புல ஒரு பிள்ளைக்கும் தாழ்ப்பாள் எட்டாது. ஒண்ணுக்குப் போகணும்னாக்கூட முதல்ல என்கிட்ட ஓடிவந்து சொல்லணும். நான் ஓடிப்போய்க் கையைத் தூக்கித் திறக்கணும். சில நேரம் நான் போய்ச் சேர்றதுக்குள்ள விஷயமே முடிஞ்சிருது."

"உனக்கு எட்டுற வேலை, எனக்குக் குனியுற வேலை" என்றாள் சாவியக்கா. "தாழ்மை நல்லதுதான். அதுக்காக ஒரு நாளைக்கு எழுபத்தாறு தடவையா?"

"படி வேற. இம்மாம் பெரிய படி. பிள்ளைங்க கையையும் காலையும் ஊனி ஏறுதுங்க."

"எங்க படி அரை ஜாண் உசரம்கூட இல்லை. செயலர் ஐயா ரெண்டு ரெண்டாத் தாண்டி ஏறித்தான் மூச்சு வாங்குறார்."

தையற்காரர் ஒரு கால்சட்டைக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தார். வாயில் நாலு குண்டூசி. அதை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒரு நிமிஷம் ரெண்டு பேரும் நிறுத்துங்க. போன வருஷம் ஒரு அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே துணியில சட்டை தச்சேனே, ஞாபகம் இருக்கா?"

"அதுக்கு இப்ப என்ன?" என்றாள் தங்கை.

"பார்சல் மாத்திக் கொடுத்துட்டேன். பையன் சட்டையை அந்த மனுஷன் மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறார். கை முழங்கைக்கு மேல நிக்குது. திட்டப்போறார்னு நெனச்சேன். அவர் என்னடான்னா, இப்ப இதுதான் புது மாடலான்னு கேக்குறார்."

"சரி."

"உங்க அண்ணி கட்டடம் பிள்ளை அளவு. உன் கட்டடம் ஆள் அளவு. வெளியில பாத்தா ரெண்டும் ஒரே துணி. அவ்வளவுதான், பார்சல் மாறிப்போச்சு."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவியக்காவின் மனதில் கட்டடம் அறை அறையாகத் திறந்துகொண்டே போனது. மேடை, கறுப்புச் சுவர், கொக்கி, குழாய். நாத்தனார்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தாள். "புதிய ஏற்பாடு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, வலித்த தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். சாவியக்காவும் சிரித்தாள். சிரித்து முடித்தபிறகுதான் அவளுக்குத் தன் பேப்பர் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை அவள் முன்கூடத்தில் மாட்டியிருந்த பழைய வரைபடத்தின் முன்னால் போய் நின்றாள். கீழே 'நிர்வாகக் கட்டடம்' என்று அலங்கார எழுத்தில் எழுதியிருக்கும். பத்தொன்பது வருடமாக அதன் கண்ணாடியைத் துடைத்தவள், ஒரு நாளும் படத்தைப் பார்த்ததில்லை. வரைபடம் படிக்க அவளுக்குத் தெரியாது. ஆனால் சுவரில் எங்கே இடைவெளி விட்டிருக்கிறதோ அங்கே கதவு என்பது தெரியும், கதவு என்றால் அவளுக்குச் சாவி. விரல் வைத்து எண்ணினாள். பத்தொன்பது. ஒவ்வோர் அறைக்கும் ஒரே கதவு. மூலையில் ஓர் அறைக்கு மட்டும் சுவர் இரண்டு மடங்கு தடிமனாக வரைந்திருந்தது, ஜன்னலே இல்லை. அப்படி ஓர் அறையை அவள் இந்தக் கட்டடத்தில் பெருக்கியதே கிடையாது.

மதிய உணவு நேரத்தில் தெருவைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நாத்தனார் அவளை அறை அறையாக அழைத்துப்போனாள். கதவுகள் பத்தொன்பது. ஒரு வகுப்பில் ஆள் உயரத்துக்குப் பித்தளைக் கம்பி வைத்த கவுண்டர், அதற்குப் பின்னாலிருந்து ஆசிரியை சாக்பீஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் மனு கொடுக்க வந்தவர்கள் மாதிரி வரிசையில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மூலையில் தடித்த சுவரும் இரும்புக் கதவுமாக ஒரு பத்திர அறை. உள்ளே பந்தும் ஸ்கிப்பிங் கயிறும் பத்திரமாக இருந்தன.

"போதும், வா" என்றாள் சாவியக்கா. இனி எதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலையே செயலரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஒளித்துவைத்து அவளுக்குப் பழக்கமில்லை. செயலர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் காலடியில் அச்சகத்திலிருந்து வந்த கட்டுகள் இருந்தன, ஐநூறு பிரதி. அதில் ஒன்றைக் கையில் எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார்.

"நூறு வருஷமா யாருக்கும் தோணாதது உங்களுக்குத் தோணிருச்சா?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான் ஐயா தோணிச்சு. நான் கதவை எண்ணினேன்."

செயலர் புத்தகத்தைக் கட்டின்மேல் திரும்ப வைத்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "இருக்கலாம். இல்லாமலும் போகலாம். விழா முடியட்டும், பொறுமையாப் பாக்கலாம். அன்னைக்குப் புத்தகத்துல உள்ளதை மட்டும் சொல்லுங்க. உங்க பேப்பரும் அன்னைக்குத்தான் வருது, ஞாபகம் வச்சுக்கங்க."

அவர் மிரட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னார், அதனால்தான் அது அப்படி உறைத்தது. சாவியக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டு முடிவு செய்தாள். கட்டடம் நூறு வருடம் பொறுத்தது, இன்னும் ஒரு நாள் பொறுக்காதா? பேப்பர் அப்படிப் பொறுக்காது.

விழா நாள் காலையில் வெயில் நன்றாக அடித்தது. பேராயர், செயலர், கமிட்டிக்காரர்கள் பத்துப் பேர், எல்லோரும் சாவியக்காவுக்குப் பின்னால் நடந்தார்கள். அவள் இஸ்திரி போட்ட சேலை கட்டியிருந்தாள், சாவிக்கொத்தைப் புளிபோட்டு விளக்கியிருந்தாள். வாசலில் பணிவைச் சொன்னாள். வராந்தாவில் பாரங்களைச் சொன்னாள். குழாயடியில் கால் கழுவுகிற தாழ்மையைச் சொன்னபோது, கமிட்டியில் தொந்தி உள்ள ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலர் முகத்தில் உயிர் திரும்பியது. ஓர் எழுத்துப் பிசகாமல் அவள் மாடிப்படிவரை வந்துசேர்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து வானம் மூடியது, சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. விழாவில் பாடுவதற்காகப் பள்ளிக்கூடத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபது பேர் வெளியே முற்றத்தில் காத்திருந்தார்கள். நாத்தனார் ஈரத்தலையோடு வாசலில் வந்து நின்றாள்.

"மழை ஐயா. பிள்ளைங்க நனையுதுங்க. உள்ள கூட்டிட்டு வரட்டுமா?"

"இதையெல்லாமா கேப்பாங்க? வரச்சொல்லுங்க" என்றார் பேராயர்.

வந்தார்கள். யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. வராந்தாவில் நுழைந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தோளிலிருந்த பையைக் கழற்றி எதிரே இருந்த கொக்கியில் மாட்டியது. கைக்கு எட்டும் உயரத்தில் கொக்கி இருந்தால் வேறென்ன செய்வார்கள்? அரை நிமிடத்தில் அறுபது பையும் தொங்கின. அந்த வரிசையில் நாலு கொக்கி மிச்சம். அன்று வகுப்பில் நாலு பேர் லீவு. சேறான கால்களோடு ஒரு கூட்டம் பின்பக்கம் ஓடிப் பதினான்கு குழாயையும் திறந்து கழுவிக்கொண்டது, குனியாமல், நின்றபடியே. இன்னொரு கூட்டம் ஓர் அறையின் ஒரு கதவால் நுழைந்து மறு கதவால் வெளியே வந்து, திரும்பவும் முதல் கதவால் நுழைந்தது. மனந்திரும்பியவர்களை அவ்வளவு வேகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஜன்னல் விளிம்பெல்லாம் பிள்ளைகள் உட்கார்ந்து மழையைப் பார்த்தார்கள்.

ஒரு சின்னப் பெண் மூடியிருந்த கதவின் கைப்பிடியைப் பிடித்துத் திருகினாள். கதவு திறந்தது. அவள் அதை மூடிவிட்டுத் திரும்பவும் திறந்தாள்.

"ஆயாம்மா, இந்தக் கதவு எனக்கே திறக்குது" என்றாள்.

நாத்தனார் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தபடி நின்றாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

மாடிப்படியில் சாவியக்கா வாயைத் திறந்தாள். "மேலே இருக்கிற கைப்பிடி பழைய ஏற்பாடு. கீழே இருக்கிறது..." என்று ஆரம்பித்தாள். அப்போது ஏழெட்டுப் பிள்ளைகள் கீழ்க்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்னப் படிகளில் தடதடவென்று அவளைத் தாண்டி ஏறிப்போனார்கள். அவர்கள் தலைக்குச் சரியாக மேலே பேராயரின் கை மேல்கைப்பிடியில் இருந்தது. சாவியக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். மூன்று வாரம் மனப்பாடம் செய்த வரிக்குப் பின்னால் ஒரு சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள். நடக்கவில்லை, சிரித்துவிட்டாள்.

செயலரின் அறையிலிருந்து ஒரு கமிட்டிக்காரர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஒரு பையன் மேடைமேல் ஏறி, சட்டைப்பையிலிருந்த துண்டு சாக்பீஸால் உலகத்து மாயையின் இருளில் வாத்து வரைந்திருந்தான். நல்ல வாத்து. கீழே அதன் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தான்.

பேராயர் வாத்தைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். வராந்தாவில் தொங்குகிற பைகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாவியக்காவிடம் கேட்டார்.

"இவ்வளவு நேரமும் புத்தகத்துல உள்ளதைச் சொன்னீங்க, சந்தோஷம். இப்ப புத்தகத்தை விடுங்க. தினமும் பெருக்குறவங்க நீங்க. இந்தக் கட்டடம் யாருக்காகக் கட்டினது?"

செயலர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு காக்கி உறை இருந்தது. அதற்குள் இருப்பது தன் பேப்பர்தான் என்று சாவியக்காவுக்குத் தெரியும். தெரியாது ஐயா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அதற்கு யாரும் அவளைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவள் வாயில் அந்த வார்த்தை வந்தும் விட்டது. ஆனால் வெளியே அந்தச் சின்னப் பெண் இன்னும் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"பிள்ளைங்களுக்குக் கட்டினது ஐயா. எதிர்ல இருக்கிறது ஆபீசுக்குக் கட்டினது. படம் மாறிப்போச்சு."

முன்கூடத்துக்கு அழைத்துப்போய் வரைபடத்தைக் காட்டினாள். கதவுக் கணக்கைச் சொன்னாள், பத்திர அறைக்குள் பந்து இருப்பதைச் சொன்னாள், இடுப்புவலியையும் தோள்வலியையும் சொன்னாள், கடைசியாக அப்பனுக்கும் மகனுக்கும் சட்டை மாறிய கதையைச் சொன்னாள். பேராயருக்குச் சட்டைக் கதைவரை தாக்குப்பிடிக்க முடிந்தது. அதற்குப்பின் அவர் சிரித்த சிரிப்பு மழைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரைபடத்தைப் பார்த்து மறுபடியும் சிரித்தார். முதல் பேராயர் இதைக் கண்டுபிடிக்காமலா இருந்திருப்பார்? சுவர் எழும்பியபிறகு சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் முதுகுதான் போகும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருப்பார். பெரிய மனிதர்கள் எப்போதும் அடுத்தவர் முதுகைத்தான் பணயம் வைப்பார்கள்.

செயலர் மட்டும் சிரிக்கவில்லை. தன் அறை மேடையின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டார். சாவியக்காவுக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் நின்றாள்.

"நீங்க எழுதினதுல தப்பு ஒண்ணுமில்லை ஐயா. கட்டடத்து மேல மரியாதை வச்சு எழுதினீங்க. பதினாலு குழாயைப் பத்தி யார் ஐயா இவ்வளவு யோசிப்பா?"

செயலர் வாத்தைப் பார்த்தபடி, "ரெண்டு கைப்பிடிக்கு ரெண்டு பக்கம் எழுதினேன்" என்றார்.

மதியம் கமிட்டி கூடியது. சாவியக்கா வராந்தாவில் நின்றாள். மழை விட்டுவிட்டது. அவளுக்கு ஜூன் மாதம் முன்கூட்டியே வந்துவிட்டது போலிருந்தது. தன் வாயே தனக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டாள், ஆனால் சொன்னதற்கு வருந்துகிறாயா என்று தன்னையே கேட்டுப் பார்த்தபோது, இல்லை என்றுதான் பதில் வந்தது. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துச் செயலரே கதவைத் திறந்துகொண்டு வந்தார். குனிந்துதான் திறந்தார், குனிந்தபோது முனகினார்.

"உள்ள வாங்க. பேப்பரை நான்தான் வச்சேன். நானேதான் பேசினேன். இத்தனை வருஷமா இங்க உக்காந்திருக்கோம், ஒருத்தராவது கதவை எண்ணினோமான்னு கேட்டேன்."

உள்ளே பேராயர் அவளை உட்காரச் சொன்னார். கோடை விடுமுறையில் இரண்டு கட்டடமும் இடம் மாறப்போகின்றன என்றார். பள்ளிக்கூடம் இங்கே வரும், அலுவலகம் அங்கே போகும். இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். "உங்க நாத்தனாருக்கு வேலை அப்படியே இருக்கு, அதுல மாத்தமில்லை. உங்க வேலை இன்னையிலிருந்து நிரந்தரம். எந்தப் பக்கம்னு மட்டும் நீங்களே சொல்லுங்க. இங்கேயே பிள்ளைங்களோட இருக்கீங்களா?"

கமிட்டிக்காரர்கள் எல்லோரும் புன்னகையோடு அவளைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருடம் காத்த கட்டடம், அதில் நடந்த தவறைக் கண்டுபிடித்தவளும் அவளே. அவள் என்ன சொல்வாள் என்று அவர்கள் முடிவே செய்துவிட்டார்கள். தொந்தி உள்ளவர் கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டார்.

சாவியக்கா கொத்தை இடுப்பிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"பிள்ளைங்களுக்கு நான் எதுக்கு ஐயா? இனிமே அதுங்களே திறந்துக்கும், அதுங்களே மூடிக்கும். நான் ஆபீசோடவே எதிர்ப்பக்கம் வர்றேன். பத்தொன்பது வருஷம் குனிஞ்சு வேலை பாத்தாச்சு. மிச்ச நாளை நிமிந்து நின்னு பாக்குறேன்."